தயங்கித் திறந்த கேட்

இன்று காலை எனக்கு ஒரு கேட் சத்தம் தேவைப்பட்டது.

செராஸில் இருக்கும் என் வீட்டின் முன்னறையில்தான் இப்போது என் வேலையெல்லாம். வெளியூரிலிருந்து திரும்பும் மகன் கேட்டைத் திறக்கிறான். அரை நிமிட விளம்பரம். மென்பொருளின் தேடல் பெட்டியில் 'கேட்' என்று தட்டினேன். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. கீழ் அம்புக்குறியை அழுத்த அழுத்த ஒவ்வொன்றும் ஒருதரம் ஒலித்துக் காட்டியது. இரும்பு கேட், மர கேட், துருப்பிடித்தது, எண்ணெய் போட்டது. பாதி வழியில் ஒரு பெயர் வந்தது: 'கேட் 22 தயங்கி அப்பறம் தொறக்குது.' ஆங்கில எழுத்தில் நீ தட்டிய தமிழ். அதன் பிறகு எத்தனையோ கணினிகள் மாறிவிட்டன. ஒவ்வொரு முறையும் பழைய வட்டிலிருந்து புதியதற்கு மொத்தமாக அள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அதில் நீயும் வந்திருக்கிறாய்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். விளம்பரக்காரர் போன் செய்தபோது நாளைக்குத் தருகிறேன் என்றேன். நீ போய் இன்றோடு நாற்பத்தோரு நாள்.

நீ முதன்முதலாக வேலைக்கு வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறை ஸ்டூடியோ. பாஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு, வீட்டில் யார் சொல்லியும் கேட்காமல் அதைத் தொடங்கியவர். வானொலி விளம்பரங்கள், டப்பிங், எப்போதாவது ஒரு நாடகம். ஒலித்தொகுப்பு முழுவதும் என் பொறுப்பு. நான் அதே பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், கான்வென்ட்டில் படித்தவள், ஒலிப்பதிவுப் படிப்பு முடித்துச் சான்றிதழும் வைத்திருந்தவள். கணினியில் ஒலியை வெட்டி ஒட்டத் தெரிந்தவர்கள் அப்போது ஊரில் மிகக் குறைவு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

நீ பண்டமாரானிலிருந்து பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து புதிதாக ஓடத் தொடங்கிய கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தாய். தட்டச்சு வேலைக்கு. அதற்கு முன் என்ன செய்தாய் என்று பாஸ் கேட்டதற்கு, ஸ்பீக்கர் செய்யும் ஃபேக்டரியில் ஆறு வருடம் சோதனைப் பிரிவில் இருந்ததாகச் சொன்னாய். ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் அடித்தொனியிலிருந்து உச்சம்வரை ஒரு சத்தத்தை ஏற்றி விடுவார்கள், அதைக் காதால் கேட்டு நல்லது கெட்டது பிரிக்க வேண்டும் என்று விளக்கினாய். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஃபேக்டரிப் பெண் என்று மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டேன். நமக்கு ஒரே வயது என்பது பிறகுதான் தெரிந்தது. நீ என்னை 'மிஸ்' என்றாய், நான் திருத்தவில்லை.

பாஸ் வெளிநாட்டிலிருந்து ஒலித்தட்டுகள் வரவழைத்திருந்தார். கதவு, மழை, காலடி, கார், கூட்டம் என்று ஆயிரக்கணக்கான சத்தங்கள். நான் அவ்வப்போது ஏற்றியிருந்தவை போக மீதியையும் கணினியில் ஏற்றி, எல்லாவற்றுக்கும் பட்டியல் தட்டுவதுதான் உனக்குக் கொடுத்த வேலை. வெறும் எண்களைத் தட்டினால் போதும். ஒரு வாரத்தில் முடியும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நீ ஒரு மாதம் எடுத்தாய். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சத்தத்தையும் முழுக்கக் கேட்டாய். எல்லாவற்றையும் ஏன் கேட்கிறாய், முதல் நொடியிலேயே தெரிந்துவிடுமே என்று கேட்டேன்.

"கடைசி வரைக்கும் கேக்கணும் மிஸ். ஃபேக்டரியில பழுதெல்லாம் கடைசியிலதான் தெரியும்" என்றாய்.

அதை நான் பாஸிடம் சொல்லிச் சிரித்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, பழைய விளம்பரம் ஒன்றில் சிறு திருத்தம் செய்யத் திறந்தேன். குரல் மட்டும் இருந்தது; பின்னணிச் சத்தம் ஒன்றுகூட இல்லை. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே. 'கோப்பைக் காணவில்லை' என்று திரை முழுக்க வந்தது. நீ சத்தங்களுக்கெல்லாம் பெயர் மாற்றியிருந்தாய். 'டோர் 17' என்று இருந்ததை 'கோவமா சாத்தின கதவு' என்று ஆக்கியிருந்தாய். பெயரை மாற்றினால் அந்தச் சத்தத்தைப் பயன்படுத்திய பழைய வேலைகளெல்லாம் அதைத் தேடிக் காணாமல் விழிக்கும் என்பது உனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவள் நான்.

அதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. பாஸுக்கும், குரல் கொடுக்க வந்து காத்திருந்தவர்களுக்கும் முன்னால் உன்னை ஏசினேன். தட்டச்சுக்கு வந்தவளுக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்றேன். நீ அழவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாய். இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதிய பெயர், ஆயிரக்கணக்கில், ஒன்று விடாமல். "தப்புதான் மிஸ். ஆனா எதையும் தொலைக்கல" என்றாய்.

இரண்டு நாள் உட்கார்ந்து சரி செய்தோம். பாஸ் வந்து, "பிள்ளை, இனி ஒண்டையும் மாத்தாதேங்கோ" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு அதன் வாலில் நான்கு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். எனக்கு முன்பே பாஸ் சிரித்துவிட்டார். பிறகு ஒவ்வொரு பெயரையும் மாற்றும்போதே பழைய வேலைகளைத் திறந்து, சத்தத்தைப் புதிய பெயரோடு நீயே மீண்டும் இணைத்துவிட்டாய். எண்களின் வாலில் ஆட்கள் வந்து ஒட்டிக்கொண்டார்கள். 'ஃபுட்ஸ்டெப் 9 கடன்காரர் வராரு.' 'ரெயின் 31 துணி எடுக்க ஓடணும்.' 'கப் 4 டீ குடுக்க இஷ்டமில்ல.' அவற்றை நான் படித்தேன் என்று உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் வானொலித் தொடர் நாடகம் வந்தது. எங்கள் ஸ்டூடியோவுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. போர்ட் கிள்ளானில் வசிக்கும் ஒரு குடும்பம்; கணவன் கப்பல் வேலைக்குப் போய் வருடக்கணக்கில் செய்தியில்லை. முதல் வாரத்தின் கடைசிக் காட்சியில் கேட் திறக்கும் சத்தம் கேட்டு மனைவி எழுந்திருப்பாள். அத்துடன் அந்த வாரம் முடியும். வசனம் கிடையாது. வந்திருப்பது அவன் இல்லை என்பது அந்தக் கேட்டைக் கேட்டாலே தெரிய வேண்டும் என்றார் தயாரிப்பாளர்.

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். 'கேட்' என்று தேடினேன். வந்தவற்றை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டேன். சிறைக்கதவு மாதிரி ஒன்று, கோட்டைக்கதவு மாதிரி ஒன்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "கேட் தெறக்குதும்மா, ஆனா ஆள் வரல" என்றார். பதினொரு மணிக்கு அலுத்துப்போய் பாஸுடன் கீழே தே தாரேக் டீ குடிக்க இறங்கினார். நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

உன் மேசையிலிருந்து, திரும்பாமலே சொன்னாய்: "கேட்டுன்னு தேடாதீங்க மிஸ். 'தயங்கி'ன்னு தேடிப் பாருங்க."

வேறு வழியில்லாமல்தான் தட்டினேன். மூன்றே மூன்று வந்தன. முதலாவது ஒரு காலடி. இரண்டாவது போன் எடுக்கும் சத்தம். மூன்றாவது அந்தக் கேட். கொக்கியை எடுக்கிறது ஒரு கை. கொஞ்சம் திறக்கிறது. நின்றுவிடுகிறது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு, வேறு வழியில்லை என்பதுபோல் மெதுவாக மீதியும் திறக்கிறது. சொந்த வீட்டுக்கு வருபவன் அப்படித் திறக்க மாட்டான். கெட்ட செய்தி கொண்டுவருபவன்தான் திறப்பான்.

அதே கேட்டைத்தான் நான் காலையில் ஒரு நொடி கேட்டுவிட்டுத் தள்ளியிருந்தேன்.

இது எந்த நாட்டுக் கேட்டோ என்று ஏதோ பேச வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன். "கேட்டு எந்த நாடா இருந்தா என்னா மிஸ், தயக்கம் நம்மளுதுதானே" என்றாய்.

அவர்கள் மேலே வந்ததும் போட்டுக் காட்டினேன். தயாரிப்பாளர் இரண்டாம் முறை கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூன்றாம் முறை கேட்டார். யார் தேடியெடுத்தது என்றார். பாஸ் என் நாற்காலியின் முதுகில் கை வைத்து, எங்கட சவுண்ட் என்ஜினியர் என்றார். நான் சிரித்தேன். நாலடி தூரத்தில் நீ தட்டிக்கொண்டிருந்தாய். தட்டுவது நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் வாரம் ஒலிபரப்பானது. முடிவில் ஒலி என்று என் பெயரைப் படித்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். நான் யாரையும் திருத்தவில்லை.

மறுநாள் மதியம், நாம் இருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீயாகவே பேச்செடுத்தாய். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"நேத்து ரேடியோவுல உங்க பேரு வந்துச்சு. எங்க வீட்ல எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்தோம். அந்தக் கேட்ட நான்தான் தேடுனேன்னு சொன்னேன். அப்பா நம்பல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பெயரில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ அசட்டுத்தனமாக. நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"பேரு முக்கியமில்லன்னு சொல்ல மாட்டேன் மிஸ். பேரு முக்கியம்தான்."

அன்று மாலையே பாஸிடம் போய், உன் பெயரையும் சொல்ல வேண்டும் என்றேன். தட்டச்சுக்காரப் பெண் சத்தம் தேடினாள் என்று தெரிந்தால் வானொலிக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார். கெட்டவர் இல்லை அவர், பயந்தவர். அடுத்த நாள் தயாரிப்பாளர் வந்ததும் பாஸைக் கேட்காமல் நானே சொன்னேன். "அந்தக் கேட்ட நான் தேடல சார். நான் கேட்டுட்டு வேணாம்னு தள்ளிட்டேன். தேடுனது இவங்க."

என் வாழ்க்கையில் நான் செய்த தைரியமான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உண்மையில் அதில் தைரியம் ஒன்றுமில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் உன்னை அழைத்து என் நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான்காம் வாரத்துக்குத் துறைமுகத்தின் காலைச் சத்தம் வேண்டும், எடு பார்க்கலாம் என்றார். சோதிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நீ தேடினாய். ஆறேழு துறைமுகங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் கடைசி வரை கேட்டாய். அறையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். பாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டாய்.

"இது ஒண்ணும் நம்ம போர்ட்டு இல்ல சார். எல்லாத்துலயும் கடல்பறவை கத்துது. நம்ம போர்ட்டுல காக்காதான்."

அவர் ஒரு கணம் உன்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை காலை கையடக்க ஒலிப்பதிவுக் கருவியுடன் நாம் இருவரும் போர்ட் கிள்ளானில் நின்றோம். படகுத்துறையில் பாசாரில் வாங்கிய சாமான்களோடு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பாரந்தூக்கிகளின் முனகல், லோரிகள், கப்பலின் நீண்ட ஊதல், எல்லாவற்றுக்கும் மேல் காக்கைகள். மைக்கை எங்கே நீட்ட வேண்டும் என்று நீ என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாய். அன்றைக்குத்தான் 'மிஸ்' போய் 'நீ' வந்தது. யார் முதலில் தொடங்கினோம் என்று நமக்குள் கடைசிவரை சண்டை. நான் சொல்கிறேன், நீதான். வெயிலுக்கு ஒதுங்கி, பால் சேர்க்காத தே ஓ குடித்தபோது ஒன்றே ஒன்று கேட்டாய்: ரேடியோவில் உன் பெயரைச் சொல்வதாக இருந்தால் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்ல முடியுமா என்று.

நான்காம் வாரம் ஒலிபரப்பான ஞாயிற்றுக்கிழமை நான் பண்டமாரானுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடம் நிறைய அண்டை வீட்டுக்காரர்கள். உன் அப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், பனியனும் சாரோங்குமாக வானொலிக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நாடகம் தொடங்கியது. துறைமுகக் காட்சி வந்தது. காக்கைகள் கத்தியதும் அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. பக்கத்து வீட்டு அங்கிள் ஒருவரிடம் திரும்பி, இது நம்ம போர்ட்டுதான், படகுத்துறைப் பக்கம் என்றார். உன்னைப் பார்க்கவில்லை. நீ சமையலறை வாசலில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாய்.

முடிவில் பெயர்கள் படித்தார்கள். ஒலித்தொகுப்பு என்று என் பெயர். ஒலித்தேர்வு என்று உன் அப்பா பெயர், அதைத் தொடர்ந்து மகள் என்று சொல்லி உன் பெயர். தெளிவாக, நிறுத்தி நிதானமாகப் படித்தார் அந்த அறிவிப்பாளர்.

உன் அப்பா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"ஃபேக்டரி வேலைய விட்டப்ப இவள ரொம்ப ஏசிட்டேன்மா."

நீ உள்ளே போய்விட்டாய். பாத்திரம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே அவ்வளவு பாத்திரம் இருந்திருக்க முடியாது.

அதன் பிறகு உனக்கு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும், ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது. பாஸ் தட்டச்சுக்கு வேறு ஆளை வைத்துவிட்டு உனக்கு என் மேசையின் மறுபக்கத்தைக் கொடுத்தார். நான்கு வருடம் ஒரே மேசை. நான் வெட்டினேன், நீ தேடினாய். இல்லாததைப் பதிவு செய்யப் போனோம்: கிள்ளான் கடைத்தெரு, தைப்பூசக் கூட்டம், குவார்ட்டர்ஸின் தகரக்கூரை மழை. நீ கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போய் அங்கே சொந்தமாக ஒரு அறையில் ஸ்டூடியோ வைத்தபோது, திறப்பு நாளன்று பாஸ் குடும்பத்தோடு வந்து, இந்தப் பிள்ளையை நான்தான் கண்டுபிடித்தேன் என்று எல்லாரிடமும் சொன்னார். நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நீ கண்ணாலேயே சொன்னாய்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு இந்த வேலையைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் என்னைப்போலத்தான் தொடங்குகிறார்கள். ஒரு நொடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். அவர்கள் கையை நான் அம்புக்குறியிலிருந்து எடுத்துவிடுவேன். முழுசா கேளு என்பேன். அது உன் பேச்சு என்று அவர்களிடம் சொல்லியும் விடுவேன்.

ஆனால் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. உன் கடைசிக் காரியமெல்லாம் முடிந்த மறுநாள், உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் மூக்கும் உன் பிடிவாதமும் அப்படியே இருக்கின்றன அவளிடம். வீட்டில் அம்மாவைத் தெரியும், வேலையில் எப்படி என்று தெரியாது என்றாள்.

"அம்மா வேலையில எப்படி ஆன்டி? நல்லா செய்வாங்களா?"

சுற்றிலும் உன் சொந்தக்காரர்கள், உன்னிடம் வேலை பார்த்தவர்கள், என்னை இந்தத் துறையில் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சிலர். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"என்னைவிட நல்லா செய்வா. எனக்கு அது அவ வந்த ரெண்டாவது மாசமே தெரியும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சொல்லுங்க ஆன்டி என்றாள். சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.